மாதிரி விளக்கை மிஞ்சிய குற்றம்

சந்தையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒன்று தெரியும். சண்டை எப்போதும் சரக்கைப் பற்றித்தான் நடக்கும். எடைக்கல்லைப் பற்றி நடக்காது. வெங்காயத்தைப் புரட்டிப் பார்ப்போம், தக்காளியை அமுக்கிப் பார்ப்போம், கடைக்காரரின் ஏழு தலைமுறையை இழுத்துப் பேசுவோம். கல்லை மட்டும் யாரும் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை. இந்த மரியாதையின் மேல்தான் பல கடைகள் ஓடுகின்றன. வாகன ஒளி ஆய்வு அலுவலகமும் அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது, முட்டைக்காரர் அங்கே போய்ச் சேரும்வரை.

முட்டைக்காரரிடம் ஒரு பழைய பிக்கப் வண்டி. விடிவதற்கு முன்பு அதில் ஆறாயிரம் முட்டைகளை ஏற்றிக்கொண்டு போய்ப் பேக்கரியில் இறக்குவது அவர் தொழில். வண்டியின் முகப்பு விளக்குகள் எப்படியென்றால், அவை எரிகின்றனவா என்று பார்க்க இன்னொரு விளக்கு வேண்டும். போன மாதம் ஒரு வேகத்தடை கண்ணில் படாமல் வண்டி குதித்தது. பேக்கரி வாசலில் பின்கதவைத் திறந்தபோது சரக்கு அட்டையில் இல்லை, தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"ஆறாயிரம் முட்டையில அடை சுட்டா யாரு திங்கிறது?" என்று மனைவி கேட்டார். "முட்டைக்குக் கண்ணு கிடையாது, சரி. வண்டிக்குமா?"

மனைவியின் தம்பி வண்டிகளுக்கு வயரிங் செய்கிறவன். அவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை எச்.ஐ.டி. என்ற பளீர் விளக்குகளோடு வந்து இறங்கினான். பேட்டரியிலிருந்து நேராக ஒரு தடித்த கம்பி, நடுவில் முப்பது ஆம்ப் ஃபியூஸ், ஒரு ரிலே, இரண்டு பக்கமும் தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒரு பெட்டி. விளக்குக்கு மின்சாரத்தை ஏற்றிக் கொடுக்கும் அதற்குப் பேலஸ்ட் என்று பெயர்.

"பழைய சுவிட்ச் சும்மா கண்ணைக் காட்டும் மாமா. வேலையெல்லாம் ரிலே பார்த்துக்கும். பல்ப் கண்ணாடியைக் கையால தொட்டுடாதீங்க. விரல்ல இருக்கிற எண்ணெய் பட்டாலே ஆயுசு போயிரும்."

"அவ்வளவு பெரிய மனுஷனா அவரு?"

சுவிட்சைப் போட்டதும் வலது விளக்கு நின்று எரிந்தது. இடது விளக்கு கண்ணடித்தது. மைத்துனன் ரிலேயைச் சந்தேகித்தான், பேலஸ்ட்டைச் சந்தேகித்தான், விற்ற கடைக்காரனைச் சந்தேகித்தான். துணி காயப்போட வந்த அக்கா ஒரு நொடி நின்று பார்த்தார்.

"அந்தக் கறுப்புக் கம்பியை எதுலடா முடுக்கியிருக்க?"

"பாடியில. எர்த்துக்கு."

"பெயின்ட் மேலயே முடுக்கியிருக்கியே. சுரண்டு."

சுரண்டினான். விளக்கு கண்ணடிப்பதை நிறுத்தியது. அன்றிலிருந்து மைத்துனன் அந்தப் பக்கத்து வேலையைப் பற்றிப் பேசுவதில்லை.

எதிரே வருகிறவன் கண் கூசக்கூடாது என்று முட்டைக்காரர் வண்டியைச் சுவருக்கு எதிரே நிறுத்திச் சாக்பீஸால் கோடு போட்டு, ஒளி கோட்டுக்குக் கீழே விழும்படி திருகித் திருகி இறக்கினார். நியாயமான மனிதர். அவருக்கு வந்த துன்பம் எல்லாம் அதனால்தான்.

வண்டியை விற்றவர் எடுத்துக் கொடுத்திருந்த தகுதிச் சான்று அந்த வெள்ளிக்கிழமையோடு முடிகிறது. பேக்கரி முதலாளி தெளிவாகச் சொல்லிவிட்டார்: "சனிக்கிழமை காலையில புதுச் சான்று கண்ணாடியில ஒட்டியிருந்தா கேட் திறக்கும். இல்லேன்னா வேற ஆளு முட்டைக்குத் திறக்கும்." வேற ஆள் யார் என்று முட்டைக்காரருக்குத் தெரியும். அவன் மூன்று மாதமாக முதலாளியைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை அலுவலகத்தில் படிவம் கொடுத்தார்கள். இருபத்தேழு கட்டங்கள். பத்தொன்பதாவது கட்டம் கேட்டது: "முகப்பு விளக்குகளில் மாற்றம் ஏதும் செய்யப்பட்டுள்ளதா?" முட்டைக்காரர் "ஆம்" என்று எழுதினார்.

கவுன்டர் அம்மா படிவத்தை வாங்கி, கட்டங்களில் விரலை ஓட்டிக்கொண்டே வந்து, பத்தொன்பதில் நின்றார்.

"இருபத்திரெண்டு வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். இந்தக் கட்டத்துல 'ஆம்'னு நான் பார்த்ததே இல்ல. உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"மாத்தியிருக்கேன்ல, அதனால எழுதினேன்மா."

"மாத்தாதவங்க யாரு? எழுதினவங்க யாருன்னுதான் கேட்கிறேன்."

'ஆம்' என்ற பதிலுக்கு எந்தக் கோப்பில் இடம் என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவரைச் 'சிறப்பு ஆய்வு' என்று வகைப்படுத்தி, வண்டியை உள்முற்றத்தில் ஆய்வாளர் அறை ஜன்னலுக்கு நேர் எதிரே நிறுத்தச் சொன்னார்கள். மற்ற வண்டிகளெல்லாம் மதிலுக்கு வெளியே வரிசையில் நின்றன.

உச்சி வெயிலில் ஆய்வு தொடங்கியது. பகல் பன்னிரண்டு மணிக்கு முகப்பு விளக்கைச் சோதிப்பது அந்த அலுவலகத்தின் மரபு. இருட்டில் சோதிக்கலாமே என்று ஒருகாலத்தில் யாரோ கேட்டாராம். அலுவலகம் ஐந்து மணிக்கு மூடுகிறது என்று பதில் சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

விளக்குப் பொறுப்பாளர் என்று ஒருவர் வந்தார். வெள்ளைக் கையுறை. முற்றத்தின் ஓரத்தில், ஆய்வாளர் அறையின் உள்ளே, வெளியிலிருந்தும் தெரியும்படி ஒரு கண்ணாடி அலமாரி. அதற்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி அவரிடம், ஒரு சாவி பெரிய ஆய்வாளரிடம். இரண்டும் சேர்ந்து திறந்தால் உள்ளே வெல்வெட் துணியின் மேல் ஒரு பழைய முகப்பு விளக்கு. அதுதான் மாதிரி விளக்கு. எல்லா வண்டிகளின் ஒளியும் அதற்கு நிகராக இருக்க வேண்டும் என்பது விதி.

பொறுப்பாளர் சுவிட்சைத் தட்டினார். ஒன்றும் நடக்கவில்லை. "எரிகிறது" என்று உரக்கச் சொன்னார். பேரேட்டைத் திறந்து, "மாதிரி விளக்கு ஏற்றப்பட்டது. எரிந்தது" என்ற வரிக்கு எதிரே கையெழுத்திட்டார். அந்த வரி அடுத்த மாதக் கடைசிவரை முன்கூட்டியே எழுதப்பட்டிருந்ததை முட்டைக்காரர் பார்த்தார்.

பெரிய ஆய்வாளர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார். கையில் ஒளிமானி. மாதிரி விளக்கின் முன் நீட்டினார். வண்டியின் முன் நீட்டினார்.

"மாதிரி, பூஜ்யம். வண்டி, தொள்ளாயிரம். எத்தனை மடங்குன்னு போடுப்பா."

பொறுப்பாளர் கால்குலேட்டரைத் தட்டினார். மறுபடி தட்டினார். "சார், மிஷின் 'பிழை'ன்னு காட்டுது."

"பிழை வண்டியில. எழுதிக்கோ." முட்டைக்காரர் பக்கம் திரும்பினார். "அதிகம்."

"எவ்வளவு சார் அதிகம்?"

"மிஷினே திணறுது பார்த்தீங்களா? அவ்வளவு."

வியாழக்கிழமை முட்டைக்காரர் வண்டியின் ஒளியைக் குறைத்துக் காட்ட வந்தார். பேரம் பேசிப் பழகியவர். ஒரே விலையில் நிற்க மாட்டார், இறங்கி இறங்கி வருவார்.

"ஒரு விளக்கை அணைச்சிடறேன் சார். ஒண்ணு மட்டும்."

"அதிகம்."

"ரெண்டையும் அணைச்சிட்டுப் பார்க்கிங் லைட் மட்டும்?"

ஒளிமானி. "அதிகம்."

"அது என் சுண்டு விரல் அளவு பல்ப் சார்!"

"விரலைப் பத்தி விதி இல்ல."

முட்டைக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்து ஒரு முகப்பு விளக்கின் மேல் போர்த்தினார். இன்னொன்றுக்குப் பொறுப்பாளரின் அலமாரி துடைக்கும் துணி. சுவிட்சைப் போட்டார். எச்.ஐ.டி. சாதுவான விளக்கு இல்லை. நான்கு நிமிடத்தில் துண்டிலிருந்து புகை வந்தது.

"புகையோட சேர்த்து, அதிகம்" என்றார் ஆய்வாளர்.

முட்டைக்காரர் கருகிய துண்டை உதறினார். இரண்டு நாளாகத் தொண்டையில் நின்ற கேள்வி அந்த உதறலோடு வெளியே விழுந்தது.

"சார், தப்பா நினைக்காதீங்க. அந்த மாதிரி விளக்கு எரியலையே."

பொறுப்பாளர் தன் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். ஆய்வாளர் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவிட்டு, பொறுமையாக, பள்ளிக்கூடப் பையனுக்குச் சொல்வதுபோலச் சொன்னார்:

"ஐயா, நீங்க முட்டை வியாபாரி. முட்டையைப் பத்தி நான் பேசறேனா? இந்த அலுவலகத்தோட சரித்திரம் தெரியுமா உங்களுக்கு? எனக்கு முன்னால இருந்தவர் காலத்துல பாதி வண்டி தேறாது. மாதிரி விளக்குக்குக் குறைச்சலா எரியும். தினம் சண்டை, தினம் மேல்முறையீடு. நான் பொறுப்பேத்த முதல் வாரத்துலயே பிரச்சினை தானா தீர்ந்துபோச்சு. பதினோரு வருஷமா குறைச்சல்னு ஒரு வண்டியைக்கூட நாங்க திருப்பி அனுப்பினதில்ல. ஒரு லட்சம் வண்டி! லட்சமும் மாதிரிக்கு நிகர். ஒண்ணுகூட எரியல. இது தானா வருமா? நிர்வாகம் வேணும்."

"எரியாத வண்டி ரோட்டுல எப்படி சார் போகும்?"

"ரோடு வேற துறை."

"இல்ல சார், மாதிரியில ஒரு புது பல்பு..."

"மாதிரியை மாத்தறதா?" அவர் குரல் முதல்முறையாக உயர்ந்தது. "மாத்தினா அது எப்படி மாதிரியா இருக்கும்? அப்புறம் பதினோரு வருஷமா நான் கொடுத்த லட்சம் சான்றும் என்ன ஆகும்? வண்டி மாறலாம். மாதிரி மாறாது. நாளைக்குக் கடைசி நாள். நிகரா வாங்க."

அலுவலக வாசலில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த அம்மாள் அவர் முகத்தைப் பார்த்ததுமே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்கண்ணே. 'ஆம்'னு எழுதினது நீங்கதானே? ஊரே பேசுது."

"ஏம்மா, மத்தவங்க எல்லாம் எப்படித்தான் தேறுறாங்க?"

அந்த அம்மாள் வரிசையில் நின்ற ஓட்டுநர்களைப் பார்த்து, "அண்ணனுக்குக் காட்டுங்கய்யா" என்றார். ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தட்டினார்கள். ஒவ்வொரு பையிலும் கிலுகிலு என்று ஃபியூஸ்கள்.

"உள்ள போகும்போது கழட்டிப் பையில போடுங்க, வெளிய வந்து மாட்டுங்க. இவ்வளவுதான் ஒளி ஆய்வு. புதுசா வர்றவங்களுக்கு நாங்களே சொல்லிருவோம். நீங்க யாரையும் கேட்காம நேரா உள்ள போயிட்டீங்க."

வீட்டுக்குப் போனதும் முட்டைக்காரர் மைத்துனனைப் பிடித்து உலுக்கினார். "ஏன்டா மாப்ளே, உனக்குத் தெரியுமா இது?"

"எல்லாருக்கும் தெரியுமே மாமா."

"எனக்குச் சொல்லலையே!"

"உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாதே!"

மனைவி உள்ளே இருந்து சொன்னார்: "நாளைக்குச் சான்று இல்லாம வந்தீங்கன்னா ஆறாயிரம் முட்டையையும் நீங்களே அடைகாத்துக்கங்க."

வெள்ளிக்கிழமை மதியம் முட்டைக்காரர் முப்பது ஆம்ப் ஃபியூஸைப் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டு, பார்க்கிங் விளக்கின் ஃபியூஸையும் கூடவே போட்டுக்கொண்டு, உள்முற்றத்தில் ஜன்னலுக்கு எதிரே வண்டியை நிறுத்தினார். சுவிட்சைப் போட்டார். வண்டி கட்டைபோல் நின்றது.

"வண்டி, பூஜ்யம்" என்றார் ஆய்வாளர். குரல் தழுதழுத்தது. "மாதிரி, பூஜ்யம். நிகர்! பார்த்தீங்களா? முயற்சி பண்ணினா முடியாதது என்ன இருக்கு? சரியான உழைப்பு தெரியுது."

"ராத்திரி பகலா பாடுபட்டேன் சார்" என்றார் முட்டைக்காரர்.

சான்று எழுதப்பட்டது. 'முகப்பு ஒளி: இல்லை. மாதிரிக்கு நிகர்.' கையெழுத்துதான் பாக்கி. ஆனால் சிறப்பு ஆய்வு என்பதால், வழக்கமான சான்றுகள் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் கையெழுத்து. ஆய்வாளர் அறையிலேயே காத்திருக்கச் சொன்னார்கள். மூன்று மணி ஆயிற்று. நான்கு ஆயிற்று. அன்றைய நாற்பத்தொரு சான்றுகளையும் கவுன்டர் அம்மா கொண்டுவந்து மேசையில் அடுக்கிவிட்டார்; ஆய்வாளர் முத்திரைக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாலரை மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. நாலு முப்பத்தைந்துக்கு மழை கொட்டியது. நாலு முப்பத்தாறுக்குக் கரண்ட் போயிற்று.

அந்த அறையில் அந்த ஒரே ஜன்னல்தான். அதிலும் மழை. பேனாவைப் பிடித்த ஆய்வாளரின் கை காகிதத்துக்கு மேல் அந்தரத்தில் நின்றது.

"போடுங்க சார்" என்றார் முட்டைக்காரர் இருட்டில்.

"போட முடியாது."

"ஏன் சார்?"

"சான்றுக்கு அடியில அச்சடிச்சிருக்கு. 'போதிய வெளிச்சத்தில் படித்துப் பார்த்துக் கையொப்பமிடப்பட்டது.' இப்போ வெளிச்சம் போதாது. நான் பொய்க் கையெழுத்துப் போடறவன் இல்ல."

"மெழுகுவர்த்தி?"

"கோப்பு இருக்கிற அறையில நெருப்பு கூடாது" என்றார் பொறுப்பாளர்.

"செல்போன்ல டார்ச்?"

"ஆய்வு நேரத்துல செல்போனை வாசல்லயே வாங்கி வெச்சிருவோம். எங்களோடதும் அங்கதான் இருக்கு. அந்தப் பெட்டிச் சாவி காவலாளிகிட்ட. அவரு நாலு மணிக்குப் போயிட்டாரு."

நாலு நாற்பத்திரண்டு. அலுவலகம் ஐந்துக்கு மூடும். சனி, ஞாயிறு விடுமுறை. மூன்று மாதமாகப் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தவனின் பல் மட்டும் அந்த இருட்டில் முட்டைக்காரருக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போயிற்று. விரலில் ஃபியூஸ் பட்டது.

"சார், ஜன்னலுக்கு நேரா என் வண்டி நிக்குது."

"நிக்கட்டும்."

"அதுல லைட்டு இருக்கு சார்."

"உங்க வண்டியில லைட்டு இல்லைன்னு இப்பத்தானே சான்று எழுதினேன்?"

"எழுதினீங்க. கையெழுத்துப் போடலையே. போடறவரைக்கும் இருக்குதுன்னு வெச்சுக்கலாமே."

இருட்டில் பெரிய ஆய்வாளர் யோசிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது.

"போடறவரைக்கும் இருக்கும். போட்டதும் இருக்காது. சரிதானே?"

"சட்டம் உங்களுக்குத் தெரியாததா சார்? ஒரு விஷயம். என் பேப்பர் அடுக்குல கடைசியில இருக்கு."

"சிறப்பு ஆய்வு கடைசியிலதான்."

"பழைய பேட்டரி சார். நாற்பத்தொண்ணு வரைக்கும் தாங்குமான்னு பயமா இருக்கு. நடுவுல நின்னுபோச்சுன்னா என் பேப்பரோட போயிரும். மேல இருந்தா ஒரு தைரியம் வரும், எனக்கும் பேட்டரிக்கும்."

"பேரம் பேசறீங்களா?"

"வியாபாரி சார். நலம் விசாரிச்சாலும் பேரம் மாதிரிதான் இருக்கும்."

காகிதங்கள் புரளும் சத்தம் கேட்டது. "மேல வெச்சாச்சு" என்றார் ஆய்வாளர்.

முட்டைக்காரர் மழையில் ஓடினார். பானெட்டைத் தூக்கி ஃபியூஸைச் சொருகினார். இன்ஜினை முடுக்கிவிட்டுச் சுவிட்சைப் போட்டார். முதலில் ஊதாவாக ஒரு மினுக்கு. பிறகு நீலம். பிறகு பேலஸ்ட்கள் இரண்டும் மெல்ல முனகிக்கொண்டே ஒளியைத் தூக்கிக் கொடுக்க, அது பாலாய்ப் பொங்கி, ஜன்னல் வழியாக அந்த அறைக்குள் இறங்கியது.

பதினோரு வருடத்தில் அந்த அறை தன்னைத் தானே பார்த்ததில்லை. பீரோவின் மேல் தூசி விரலளவு. சுவரில் நாட்காட்டி நான்கு வருடம் பின்னால் இருந்தது. கவுன்டர் அம்மா பொறுப்பாளரைப் பார்த்து, "உங்களுக்கு மீசை இருக்கா?" என்றார். அப்புறம் எல்லாக் கண்களும் கண்ணாடி அலமாரிக்குப் போயின. வெல்வெட் துணியின் மேல் மாதிரி விளக்கு. அதன் கண்ணாடிக்குள் இழை அறுந்து தொங்கியது. அடியில் ஒரு பல்லி இரண்டு முட்டை இட்டு வைத்திருந்தது.

மழையில் நனைந்தபடி உள்ளே வந்த முட்டைக்காரர் அதைத் தொழில் முறையில் பார்த்தார். "பழைய சரக்கு" என்றார்.

ஆய்வாளரும் பார்த்தார். பொறுப்பாளரிடம், "துணி போட்டு மூடுய்யா. கண்ணு கூசுது" என்றார்.

எது கூசுகிறது என்று யாரும் கேட்கவில்லை. பொறுப்பாளர் கையுறையைக் கழற்றாமலே துணியைப் போட்டார். ஆய்வாளர் குனிந்து முதல் காகிதத்தை வரி விடாமல் படித்தார். 'முகப்பு ஒளி: இல்லை' என்ற வரியில் அவருடைய பேனாவின் நிழல் கறுப்பாக, கூர்மையாக விழுந்தது. கையெழுத்துப் போட்டார். முத்திரை குத்தினார். அதற்கு அடியிலிருந்த நாற்பதையும் அதே வெளிச்சத்தில் முடித்தார். அவ்வளவு அழகாக அவர் ஒருநாளும் கையெழுத்துப் போட்டதில்லை என்று கவுன்டர் அம்மாவே சொன்னார்.

ஐந்து அடிக்க ஒரு நிமிடம். முட்டைக்காரர் சான்றை வாங்கிச் சட்டைக்குள் செருகிக்கொண்டார்.

"கையெழுத்து ஆயிருச்சு" என்றார் ஆய்வாளர். "சட்டப்படி இனி உங்க வண்டியில லைட்டு கிடையாது. அணைச்சிட்டுக் கிளம்புங்க."

"சரிங்க சார்." முட்டைக்காரர் வாசல்வரை போய்த் திரும்பினார். "கேட்டுக்குப் போற வழியில அந்தச் சாக்கடை மூடி உடைஞ்சு கிடக்கே. இருட்டுல எல்லாரும் எப்படிப் போவீங்க?"

மழை இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது. ஆய்வாளர் வெளியே எட்டிப் பார்த்தார். கவுன்டர் அம்மா அவரைப் பார்த்தார். பொறுப்பாளர் கையுறைகளைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டார்.

"கேட் வரைக்கும் அலுவலக எல்லை" என்றார் ஆய்வாளர் கடைசியில். "எல்லைக்குள்ள என் அதிகாரம்."

முட்டைக்காரர் வண்டியை முன்னால் ஓட்டவில்லை. சான்றை உள்ளிருந்தபடியே கண்ணாடியில் ஒட்டிவிட்டு, பின்கியரைப் போட்டு, முகத்தை அலுவலகத்தின் பக்கமே வைத்துக்கொண்டு அங்குலம் அங்குலமாகப் பின்வாங்கினார். அந்த வெளிச்சத்துக்குள் கவுன்டர் அம்மா, பொறுப்பாளர், பெரிய ஆய்வாளர் மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் குடை பிடித்துக்கொண்டு, சாக்கடை மூடியைச் சுற்றி, பத்திரமாகக் கேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். மதிலுக்கு வெளியே நின்ற நாற்பது ஓட்டுநர்களும் பையைத் தட்டுவதை மறந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கேட்டைத் தாண்டியதும் ஆய்வாளர் நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டு, வண்டி நின்ற திசையைப் பார்த்துச் சொன்னார்:

"இருந்தாலும், அதிகம்தான்."